பதினோராவது முகம்

தில்லிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காபியைப் பற்றி ஒன்பது வருஷம் பேசிய பிறகுதான் நான் முதன்முதலாக ஒரு காபிச் செடியை நேரில் பார்த்தேன். அதற்கு முன்னால் எனக்குக் காபி என்றால் இரண்டே வடிவம்: டம்ளரில் ஒன்று, போட்டோவில் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் போட்டோவில்கூட எது காபி என்று எனக்குத் தெரியவில்லை. மரத்தைச் சுற்றி ஏறியிருந்த ஒரு கொடியைக் குச்சியால் தொட்டு, பிள்ளைகளை ஹிந்தியில் கூப்பிட்டு, "பச்சோ, இதுதான் காபி" என்று கம்பீரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பள்ளியில் மலையாளி வாத்தியார் ஒருவர் நிகழ்ச்சி முடிந்ததும் என்னை ஓரமாகக் கூட்டிப்போய், "சாரே, அது மிளகு" என்றார். அதுவரை நான் போன பள்ளிகளில் படித்த பிள்ளைகள் இன்றைக்கு ரசத்தில் காபியைத் தேடிக்கொண்டிருந்தால் அதற்கு நான்தான் பொறுப்பு.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், கன்னாட் பிளேஸில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு காபிக் கடை. ஆர்.கே.புரம் தமிழ் இளைஞர்கள் இரண்டு பேர் என்னை அங்கே கூட்டிப் போனார்கள். சுவர் முழுக்கப் பழைய தோட்டத்துப் படங்கள். "அங்கிள், நீங்க இந்த மாதிரிப் படங்களைத் தூக்கிக்கிட்டு ஸ்கூல் ஸ்கூலாப் போனீங்களாமே, உண்மையா? எழுதிக் குடுங்க" என்றார்கள். பெருமையாகத்தான் இருந்தது. காபிக்கு அவர்கள்தான் காசு கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தெற்கே காபித் தோட்டக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதற்குத் தில்லியில் ஒரு சின்னக் கிளை. கோல் மார்க்கெட் பக்கம் ஒரு மாடி, மூன்று அறை, ஒரு பழைய வேன். டீயும் பாலும் குடிக்கிற ஊரைக் காபி குடிக்க வைப்பதுதான் எங்கள் வேலை. பெரியவர்கள் மாற மாட்டார்கள், பிள்ளைகளைப் பிடிப்போம் என்று மேலே யாரோ யோசித்திருக்கிறார்கள். ஆனால் பிள்ளைகளுக்குக் காபி கொடுத்தால் அம்மாக்கள் சண்டைக்கு வந்தார்கள். அதனால் காபி வாத்தியார்களுக்கு, போட்டோ பிள்ளைகளுக்கு என்று ஏற்பாடு.

அந்தப் போட்டோக்கள் ஏற்காடு மலையில் ஒரு தோட்டத்தில் அந்தக் காலத்தில் எடுத்தவை. முக்காலி மேல் பெட்டிக் கேமராவை வைத்து, கண்ணாடித் தகட்டில் பிடித்த படங்கள். அவற்றைப் பெரிதாக்கி, கெட்டி அட்டையில் ஒட்டி வைத்திருந்தோம். ஒவ்வொன்றும் ஒரு சின்ன ஜன்னல் அளவு இருக்கும்.

எங்கள் கிளைக்குத் தலைவி விசாலம் மேடம். கரோல் பாகில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசினால் நடுவில் ஹிந்தி நுழையும், ஹிந்தி பேசினால் நடுவில் கோபம் நுழையும். காபிச் சங்கத்தின் தில்லித் தலைவி குடிப்பது டீ. காபி குடித்தால் வயிறு எரியுமாம். கைப்பைக்குள் ஒரு சின்ன பிளாஸ்க்கில் இஞ்சி டீ எப்போதும் இருக்கும். சங்கத்திலிருந்து யாராவது வந்தால் பிளாஸ்க் என் மேஜைக்கு இடம்பெயரும். "நடராஜன், இது உங்களோடது. ஞாபகம் வெச்சுக்கோங்கோ" என்பார்.

ஆனால் படங்களை அவர் கையாளுகிற விதத்தைப் பார்த்தால் கோயில் கருவறையில் நிற்கிற மாதிரி இருக்கும். கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். ஓரத்தை மட்டும்தான் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி மல் துணி. வேனில் படுக்க வைக்கக் கூடாது. நிறுத்தித்தான் வைக்க வேண்டும், பக்கத்தில் நான் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். குதுப் ரோட்டுப் பள்ளங்களில் படங்களுக்கு ஒன்றும் ஆனதில்லை; என் முதுகு வேறு கதை.

வகுப்பில் அவர் வைத்த சட்டம் இரண்டு. முதலாவது, படத்தைத் திறந்ததும் நான் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு பிள்ளை முதலில் ஏதாவது சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் என் முறை. பேசிப் பிழைக்கிறவனுக்கு இதைவிடக் கொடிய தண்டனை கிடையாது. இரண்டாவது, கடைசி பெஞ்சு. மேடம் எந்தப் பள்ளியிலும் முன்னால் போடுகிற நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. நேரே பின்னால் போய், கடைசி பெஞ்சில் பிள்ளைகளை நகரச் சொல்லி இடம்பிடிப்பார். அங்கிருந்து அவருக்குத் தெரியாவிட்டால் ஒற்றை விரல் உயரும். நான் படத்தைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக நடக்க வேண்டும். "கடைசி பெஞ்சுக்குத் தெரியலேன்னா நாம வரவே இல்லேன்னு அர்த்தம்" என்பார். பாராட்டு என்றால் அவரிடமிருந்து வருவது ஒரு "ஹூம்". ஹூமில் இரண்டு வகை உண்டு. எது எந்த வகை என்று புரியவே எனக்கு ஒரு வருஷம் ஆனது.

கிட்வாய் நகர் வீட்டில் என் மனைவி செல்வி என்னை விடமாட்டாள். "செடியவே பாக்காம செடியப் பத்திப் பேசுதீகளே, உங்களுக்கு வெக்கமா இல்லையா?"

"கைலாசத்தைப் பத்திப் பேசுறவரு எல்லாம் போயிட்டா வந்தாரு?" என்பேன்.

"அவரு சாமியத்தான் காட்டுவாரு. மொளகுக் கொடியக் காட்ட மாட்டாரு" என்பாள். இவளிடம் அந்த மலையாளி வாத்தியார் கதையைச் சொன்னது என் வாழ்க்கையின் இரண்டாவது பெரிய முட்டாள்தனம்.

தொண்ணூறுகளின் கடைசியில் சங்கம் ஒரு போட்டி அறிவித்தது. பிள்ளைகள் ஏதாவது ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அதைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். சிறப்பாக எழுதும் பிள்ளையையும் கூட ஒரு டீச்சரையும் சங்கச் செலவில் ஏற்காட்டுத் தோட்டத்துக்குக் கூட்டிப்போவார்கள். இந்த அறிவிப்பைப் பள்ளிகளுக்கு அனுப்பியதும், வருகிறோம் என்று சொன்ன பள்ளிகளுக்குத் தேதி கொடுத்ததும் நான்தான். ஒரு பள்ளியிலிருந்து ரேணு மிஸ் என்று ஒருவர் போனில் கூப்பிட்டார். நல்ல குரல். எந்தக் கேள்வியும் கேட்காமல் தேதி கொடுத்துவிட்டேன்.

போனோம். மரத் தாங்கியை நிறுத்தி, படம் மாட்டி, ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளக்காமல் திருப்பி வைத்தேன். பிள்ளைகள் வரிசையாக, முன்னால் போகிறவர் தோளில் கை வைத்துக்கொண்டு வந்தார்கள். நல்ல ஒழுங்கு என்று நினைத்தேன். மேடம் வழக்கம்போலக் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார். நான் மல் துணியை எடுத்தேன். சட்டப்படி வாயை மூடிக்கொண்டு நின்றேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் நின்றேன். கடைசியில் பொறுக்க முடியாமல், "எல்லாருக்கும் நல்லாத் தெரியுதா?" என்று கேட்டேன்.

"தெரியல, அங்கிள்!" என்று வகுப்பே சேர்ந்து கத்தியது. பிறகு ஒரே சிரிப்பு.

அது பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளி. அவர்கள் என்னைப் போல ஒருவனுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அவ்வளவு சந்தோஷம் அந்தச் சிரிப்பில். என் காது சூடாகிவிட்டது. அவசரமாகக் காபிக் கொட்டை டப்பாவைத் தேடினேன். "பிள்ளைங்களா, இன்னிக்கு நாம காபிக் கொட்டையைத் தொட்டுப் பார்க்கலாம், மோந்து பார்க்கலாம்..."

முன் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பதிமூன்று வயதிருக்கும், இரட்டைப் பின்னல், பெயர் சுனிதா. பேசியது ஹிந்தியில், நான் என் தமிழில் எழுதுகிறேன்.

"அங்கிள், மத்த ஸ்கூல்ல எல்லாம் போட்டோ காட்டினீங்களா?"

"காட்டினேம்மா."

"எங்களுக்கு மட்டும் ஏன் கொட்டை?"

நான் ரேணு மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பாமலே, "நாங்க போட்டோ நிகழ்ச்சிக்குத்தான் கேட்டோம்" என்றார். அப்போதுதான் அவருக்கும் பார்வை இல்லை என்று உறைத்தது.

"போட்டியில நாங்க உண்டா இல்லையா?" என்றாள் சுனிதா. "மலைக்கு நான் போகணும். ரயில்ல இதுவரைக்கும் போனதே இல்ல."

கடைசி பெஞ்சிலிருந்து மேடம் குரல் வந்தது. "உண்டு." பிறகு தமிழில், எனக்கு மட்டும்: "நடராஜன், சொல்லுங்கோ."

"என்ன மேடம் சொல்றது?"

"படத்துல என்ன இருக்குன்னு சொல்லுங்கோ. ஒம்பது வருஷமா அதுக்குத்தானே சம்பளம் வாங்கறேள்?"

தொண்டையைக் கனைத்துக்கொண்டு என் மனப்பாடத்தை ஆரம்பித்தேன். "இது காபி பறிக்கும் பெண்கள். அழகான மலைத்தோட்டம்..."

"எத்தனை பேரு?" என்றாள் சுனிதா.

"பத்துப் பன்னெண்டு பேரு."

"பத்தா, பன்னெண்டா?"

எண்ணினேன். பதினொன்று. ஒன்பது வருஷத்தில் அன்றுதான் எண்ணினேன்.

"கூடை எங்க வெச்சிருக்காங்க?" இது இன்னொரு பையன். இடுப்பில் என்றேன். எந்தப் பக்கம் என்றான். பார்த்தால் பக்கத்தில் இல்லை. முன்னால், வயிற்றோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள், இரண்டு கையும் பறிக்க விடுதலையாக இருக்கும்படி. செருப்பு உண்டா? இல்லை. கால் விரலெல்லாம் மண். யாராவது சிரிக்கிறார்களா? யாரும் இல்லை. ஏன்? அந்தக் காலத்துக் கேமரா மெதுவாகப் பார்க்கும், அது பார்த்து முடிக்கிறவரை ஆடாமல் நிற்க வேண்டும், அவ்வளவு நேரம் சிரித்தால் வாய் வலிக்கும் என்றேன். இதற்கு நல்ல சிரிப்பு கிடைத்தது. கொஞ்சம் தெம்பு வந்தது.

"ஆடினா என்ன ஆகும்?" என்றாள் சுனிதா.

"ஆடினவங்க மட்டும் கலங்கிப் போயிருவாங்க. தண்ணி பட்ட எழுத்து மாதிரி."

"ஆடாதவங்க?"

"தெளிவா இருப்பாங்க."

"செடி?"

"செடி சும்மா நிக்குதே. அதுவும் தெளிவுதான்."

ரேணு மிஸ் ஒரு யோசனை சொன்னார். பதினொரு பிள்ளைகள் முன்னால் வந்து அந்தப் படம் மாதிரியே நிற்கட்டும், நான் ஒவ்வொருவரையும் சரிசெய்ய வேண்டும். அப்படி ஒரு வேலையை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. ஒரு கண் படத்தில், இரண்டு கை பிள்ளைகள்மேல். "நீ கொஞ்சம் குனி. நீ இடது தோளை இறக்கு. நீ பக்கத்தில இருக்கிற அக்கா கையை ஒட்டி நில்லு, படத்துல ஒட்டித்தான் நிக்கிறாங்க." ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றும் எனக்கே புதுசாக இருந்தது. அந்த இரண்டு பெண்கள் கையை ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்பதே எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. அக்கா தங்கையாக இருக்குமோ? பயத்திலா? கூடை கிடையாது, செடி கிடையாது. நீலச் சீருடைப் பிள்ளைகள். ஆனால் அந்த வகுப்பறைக்குள் படம் மெதுவாக நிமிர்ந்து எழுந்து நின்றது.

வரிசையின் கடைசி இடம் சுனிதாவுக்கு. "நான் எங்க பார்க்கணும்?" என்றாள்.

எனக்குச் சங்கடம். அந்தப் பதினோராவது பெண்ணின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கறைதான் உண்டு. மற்றப் பள்ளிகளில் அந்த மூலையை நான் கட்டை விரலால் மறைத்தே பிடிப்பேன். "அந்த அம்மா முகம் கெட்டுப் போச்சும்மா. படத்துல கறை" என்றேன்.

"எப்படிக் கெட்டுது? ஆடினாளா?"

அப்போதுதான் மூக்கு படுகிற அளவுக்கு நெருங்கிப் பார்த்தேன். அது கறை இல்லை. முன்னால் பார்க்கிற ஒரு முகம் புகை மாதிரி இருந்தது. அதற்குள்ளிருந்து இன்னொரு முகம் வலப்பக்கம் நழுவிப் போயிருந்தது. போன இடத்தில் ஒரு காது. காதில் ஒரு சின்னத் தோடு. அது மட்டும் பளிச்சென்று.

"திரும்பியிருக்கா," என்றேன். "வலப்பக்கம். காது தெரியுது."

சுனிதா வலப்பக்கம் திரும்பினாள். அப்படியே நின்றாள். பிறகு சர்வசாதாரணமாகச் சொன்னாள்:

"அப்ப யாரோ கூப்பிட்டிருக்காங்க."

பதினொரு பிள்ளைகளும் காதைத் தீட்டிக்கொண்டு அந்தக் குரலுக்காக நின்றார்கள். நானும் நின்றேன். சத்தியமாக, வலப்பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். ஒன்பது வருஷமாக ஊமையாகக் கிடந்த அட்டைக்குள்ளிருந்து யாரோ ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள், கேட்காமல் போனவன் நான் ஒருத்தன்தான் என்று தோன்றியது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு "ஹூம்" வந்தது. அது மூன்றாவது வகை. அதற்கு முன் நான் கேட்டதில்லை.

போட்டிக்கு அவள் பிரெயிலில் எழுதினாள். பள்ளியில் இன்னொரு டீச்சர் அதைப் படித்துச் சாதாரண எழுத்தில் எழுதி அனுப்பினார். முழுவதும் நினைவில்லை. முடிவு மட்டும் மறக்காது. 'ஆடாமல் நில் என்று எல்லோருக்கும் சொன்னார்கள். எல்லோரும் நின்றார்கள். இவள் பெயரை யாரோ கூப்பிட்டதால் இவள் திரும்பிவிட்டாள். இந்தப் படத்தில் பெயர் உள்ளவள் இவள் ஒருத்திதான்.'

முடிவு செய்யச் சங்கத்தின் செயலாளர் சேலத்திலிருந்து வந்தார். நல்ல மனிதர், தோட்டக்காரர். பிளாஸ்க் என் மேஜைக்கு வந்துவிட்டது. கட்டுரையைப் படித்தார். "நல்லாத்தான் இருக்குதுங்க மேடம். ஆனா படத்துல இருக்கிறதைத்தானே எழுதச் சொன்னோம்? கூப்பிட்டாங்கன்னு படத்துல எங்க இருக்குது?" கொஞ்சம் தயங்கினார். "அப்புறம் இன்னொண்ணு. தப்பா எடுத்துக்காதீங்க. அத்தனை தூரம் கூட்டிட்டுப் போயி அந்தப் பொண்ணு என்னத்தைப் பார்க்கப் போகுது? வேற புள்ளைக்குக் குடுத்தா பிரயோசனமா இருக்குமில்ல?"

மேடம் எழுந்து போய்ப் படத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் நிறுத்தினார். துணியை எடுத்தார். பிறகு என்னைக் காட்டினார்.

"சார், இவர் ஒம்பது வருஷமா இந்தப் படத்தைத் தூக்கிண்டு அலையறார். ரெண்டு கண்ணும் நன்னா இருக்கு, கண்ணாடிகூடக் கிடையாது. இவருக்கு இது கறை. மேல கட்டை விரலை வெச்சு மறைச்சுண்டு இருந்தார். அந்தப் பொண்ணுக்கு இது முகம். பார்க்கத் தெரிஞ்சவாளைத்தான் அனுப்பணும்னா யாரை அனுப்பறது? நீங்களே சொல்லுங்கோ. ஜல்தி ஒண்ணும் இல்லை."

நான் மறைத்தது அவருக்குத் தெரியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. செயலாளர் படத்தின்மேல் குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது, "இது எங்க பழைய தோட்டம்ங்க. இந்தப் படம் எங்க வீட்டுக் கூடத்துலயே மாட்டியிருக்குது" என்று மட்டும் சொன்னார். கொஞ்சம் கழித்து, "சரி, அந்தப் பொண்ணே வரட்டும். பொண்ணு, டீச்சர் ரெண்டு பேருமே பார்வை இல்லாதவங்க, ஆபீசிலிருந்து ஒரு ஆளு கூட வரணும்" என்றார்.

"நடராஜன் போவார்," என்றார் மேடம். "அவரும் செடியைப் பார்த்ததில்லை."

பங்குனியில் சுனிதா, ரேணு மிஸ், நான் மூன்று பேரும் போனோம். ரயிலில் சுனிதா தூங்கவே இல்லை. ஒவ்வொரு பாலத்தையும் சத்தத்தில் பிடித்து எனக்குச் சொன்னாள். சேலத்திலிருந்து ஜீப். கொண்டை ஊசி வளைவுகளில் நான் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன், அதனால் அந்தப் பாதையில் யாருக்கும் யாரும் வழிகாட்டவில்லை. ஏதோ ஒரு வளைவு தாண்டியதும் சுனிதா என் கையைப் பிடித்து, "அங்கிள், மல்லிப்பூ!" என்றாள்.

மல்லிப்பூ இல்லை. பத்து நாள் முன்னால் மழை பெய்து, மலை முழுக்கக் காபி பூத்திருந்தது. எங்களிடம் பூத்த செடியின் படம் ஒன்று இருந்தது. பனி பெய்த மாதிரி என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அதற்கு வாசனை உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஜீப்பை விட்டு இறங்கினேன். செடி என் நெஞ்சு உயரம். கிளை கிளையாக வெள்ளை. தேனீக்களின் சத்தம் மலையே முணுமுணுப்பது போல. வகுப்பு வகுப்பாகப் பேசிய வாய் திறந்தபடியே நின்றுவிட்டது, பேச்சு வரவில்லை. மேடத்தின் முதல் சட்டத்தை வாழ்க்கையில் ஒரு தடவை கஷ்டப்படாமல் கடைப்பிடித்தேன்.

சுனிதா வரிசைக்குள் நடந்தாள். இரண்டு கையாலும் கிளைகளைத் தடவிக்கொண்டே போய், ஒரு செடிக்குப் பக்கத்தில் நின்று, வயிற்றுக்கு முன்னால் கையைக் குவித்து வைத்தாள். கூடை. ஆபீஸ் கேமராவை எடுத்தேன். நான் பொத்தானை அழுத்துகிற நேரத்தில் ரேணு மிஸ் ஜீப் பக்கத்திலிருந்து, "சுனிதா!" என்று கூப்பிட்டார்.

தில்லி வந்து படச்சுருளைக் கழுவக் கொடுத்தேன். அந்த ஒரு படம் மட்டும் கலங்கியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினேன். போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். சுனிதாவைக் கூப்பிட்டு, படத்தை அவள் கையில் கொடுத்து, என்னால் முடிந்த அளவு கனமான குரலில் சொன்னேன்: "சுனிதா, அந்த அம்மா மாதிரியே ஆயிருச்சு. மிஸ் உன் பேரைக் கூப்பிட்டாங்க, நீ திரும்பிட்ட. உன் முகமும் கலங்கியிருக்கு."

அவள் படத்தின் ஓரத்தை விரலால் தடவினாள்.

"செடி எப்படி இருக்கு?"

"செடியா? அதுவும்... கலங்கித்தான் இருக்கு."

"அப்ப நான் திரும்பல, அங்கிள். உங்க கை ஆடியிருக்கு."